ஞாயிறு சாயங்காலமே வயிற்றைக் கலக்குகிறது

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் 11 வருடமாக ஆசிரியை. புது ஹெச்.எம். வந்ததிலிருந்து ஞாயிறு சாயங்காலமே வயிற்றைக் கலக்குகிறது. மூடுபனியில் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலும் வருகைப் பதிவேட்டைப் பூட்டிவிடுகிறார். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் புள்ளிவிவரம் கேட்கிறார். இதுங்களுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்றிருக்கிறது. மாறுதல் கேட்கட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: டீச்சர், பூட்டைவிட ‘இதுங்களுக்கு’ என்ற சொல்தான் என்னை உறுத்தியது. பிள்ளைகள் என்று சொன்ன வாய்தானே? வேலையால் மனம் எரிந்துபோவதை (‘பர்ன்அவுட்’) அளக்க, உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-ல் வெளியிட்ட அளவுகோலில் மூன்று அறிகுறிகள்: மனம் வற்றுவது, எதிரில் இருப்பவர் மனிதராகவே தெரியாமல் போவது, எதையும் சாதிக்கவில்லை என்ற நினைப்பு. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது.

சொல்ல வெட்கம்தான், நானும் பதிவேட்டைப் பூட்டியவள். தலைமை ஆசிரியையான முதல் வருடம், 9.10 ஆனால் சிவப்பு மையில் கோடு. ஓர் ஐப்பசி மழையில் குன்னூர் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கட்டபெட்டில் இறங்கி நடந்தே வந்த டீச்சர், சேலைக் கரையெல்லாம் சேறாக என் மேசை முன் நின்றார். நான் கோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதுவரை தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஐந்தரை வரை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், மறுநாளிலிருந்து மணி அடித்ததும் கிளம்பிவிட்டார். எந்த விதியையும் மீறவில்லையே, நான் என்ன கேட்க முடியும்?

உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் 1939-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து வயதுப் பையன்களிடம் பார்த்ததும் இதுதான். அதட்டி வேலை வாங்கியவர் அறையைவிட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசி நடத்தியவர் போன பிறகும் ஓடியது. நான் ஊட்டிக்கு மீட்டிங் போன நாட்களில் என் பள்ளி எப்படி ஓடியதென்று கேட்காதீர்கள்.

மாறுதல் அப்புறம். முதலில் இரண்டு சக ஆசிரியர்களோடு போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: புள்ளிவிவரத்தை மாலை நான்குக்குள் கேட்டுவிட வேண்டும். பஸ் நேரத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரு பருவம் பாருங்கள். இம்மியும் அசையவில்லையா, சரி, கலந்தாய்வு வரும்போது தயங்காமல் விண்ணப்பியுங்கள். தூக்கமும் கெட்டிருந்தால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த டீச்சர் இப்படி வந்து கேட்டிருந்தால் நான் பூட்டைத் திறந்திருப்பேனா? முதல் வருடம் மாட்டேன். மூன்றாம் வருடம் திறந்திருப்பேன். உங்கள் ஹெச்.எம்.முக்கு இது எத்தனையாவது வருடம்?