நாத்தனார் சாப்பிடும் மாத்திரை எனக்கும் ஆகுமா?

கேள்வி: வயது 26. சிசேரியன் ஆகி இரண்டரை மாதம் ஆகிறது. அடுத்தது உடனே தங்கிவிடக் கூடாதே என்று, நாத்தனார் சாப்பிடும் மாலா-என் அட்டை ஒன்றை வாங்கிப் பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். பால் குறைந்ததுபோல் தெரிவதால் ராத்திரி பவுடர் பால் கொடுக்கிறோம். மாத்திரை பால்வழியே குழந்தைக்குப் போகுமா? இன்னும் மாதவிலக்கு வரவில்லை.

பதில்: குழந்தையை நினைத்துப் பயப்படாதீர்கள். இந்த மருந்து தாய்ப்பாலில் மிகமிகக் கொஞ்சம்தான் கலக்கும். ஆனாலும் அந்த அட்டையை இன்றே நிறுத்திவிடுங்கள். மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். பிரசவமான புதிதில் ரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்தையும் கூட்டும். பால் கொடுப்பவர்கள் 6 மாதம்வரை அதைத் தவிர்ப்பதே நல்லது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நிறுத்திய சில நாளில் உதிரம் படலாம். அதற்குக் கலங்க வேண்டாம்.

பால் திரும்பச் சுரக்க, குழந்தை அடிக்கடி சப்ப வேண்டும், முக்கியமாக ராத்திரியில். ஒரு நாளைக்கு 6 தடவைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

மாதவிலக்கு வராததை நம்பி இருந்துவிடாதீர்கள். முதல் விலக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், விலக்கும் வராமல் இருந்தால்தான் அது நல்ல பாதுகாப்பு. பவுடர் பால் புகுந்ததும் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. அதனால் இன்றிலிருந்து ஆணுறை அவசியம்.

உங்களுக்கு ஏற்றது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாயா. ஹார்மோன் இல்லாத மாத்திரை, பாலைக் குறைக்காது. முதல் 3 மாதம் வாரத்துக்கு 2 தடவை, பிறகு வாரத்துக்கு 1 தடவை ஒரு மாத்திரை போட வேண்டும். விலக்கு சற்றுத் தள்ளிப்போகலாம். சினைப்பை நீர்க்கட்டியோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இது வேண்டாம். அப்போது ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரொஜஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையைக் கேளுங்கள். அதைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் அதன் பலனைக் குறைத்துவிடும். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் காப்பர்-டியும் உங்களுக்கு இப்போதே ஆகும்.

போகும்போது அந்த மாலா-என் அட்டையையும் எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று பார்த்து, தேவையென்றால் கர்ப்பப் பரிசோதனை செய்த பிறகே புதியதைத் தொடங்குவார்கள்.