புது ரைடு வருமா, வராதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

"தீம் பார்க் புது ரைடுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று போன வாரம் வாய்விட்டுவிட்டேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் எந்தப் பார்க்கிலும் வேலை பார்ப்பவன் இல்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். கொஞ்சம் அதிக நாளாக எட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பார்க்கின் ஒரு மூலையைத் தகர வேலி போட்டு மறைத்துவிட்டார்கள். ரோலர் கோஸ்டர்தானே வருகிறது?

வேலியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒருமுறை இப்படித்தான் ஒரு வேலியைப் பார்த்துவிட்டு "கண்டிப்பாக லாஞ்ச் கோஸ்டர்" (வண்டியை ஒரே உந்தில் பாய வைக்கும் வகை) என்று நண்பர்களிடம் பந்தயமே கட்டினேன். வேலியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது புதுக் கழிப்பறை. இன்றுவரை அந்தக் கதையைச் சொல்லி என்னை ஓட்டுகிறார்கள்.

பார்க்க வேண்டியது அஸ்திவாரம். கோஸ்டர் என்றால் தரையிலிருந்து சின்னச் சின்ன கான்கிரீட் மேடைகள் வரிசையாக முளைக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் தடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேடைகளை ஒன்றோடு ஒன்று மனதுக்குள் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோடு வளைந்து வளைந்து போனால் சந்தேகமே வேண்டாம். ஒரே இடத்தில் அகலமான ஒற்றைத் தளம் போட்டிருந்தால் சுற்றும் ராட்டினமோ ஊஞ்சலோ வரும். ஒரே ஒரு ஆழமான குழி, அதில் கம்பி கட்டு மட்டும் ஏராளம் என்றால் செங்குத்தாக விழும் கோபுரமாக இருக்கலாம். ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை எழும்பினால் உள்ளே இருட்டு ரைடு, அதாவது இருட்டுக்குள் வண்டியில் உட்கார்ந்து காட்சிகளைப் பார்த்துக்கொண்டே போவது.

தண்டவாளத் துண்டுகள் லாரியில் வந்திறங்கிய படம் ஒன்று சுற்றுகிறது. அதைப் பார்த்த உடனே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுகிறார்களே, எப்படி?

முதுகெலும்பை வைத்துத்தான். சுவிட்சர்லாந்தின் போலிகர் & மபியார் தண்டவாளத்தில் இரண்டு உருளைக் குழாய்களுக்குக் கீழே சதுரப் பெட்டி மாதிரி ஒரு தடித்த முதுகு ஓடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. இன்டமின் கம்பெனியின் தண்டவாளங்கள் பலவும் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் இணைத்த ஏணிச் சட்டம் போல, முக்கோணமாகவோ நாற்கோணமாகவோ இருக்கும். அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் மரச் சட்டத்தின் மேல் போடும் தண்டவாளத்தில் உருளைக் குழாயே கிடையாது. பட்டையான எஃகுதான்.

இன்னொரு சுவாரசியம். அந்தச் சதுரப் பெட்டி உள்ளே வெற்றாக இருப்பதால் வண்டி ஓடும்போது ஓ... என்று ஒரு முழக்கம் எழும். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தால் சில பார்க்குகள் அதற்குள் மணலை நிரப்பிச் சத்தத்தை அடக்குவார்கள். அதனால் வேலை நடக்கும் இடத்தில் மணல் குழாயோடு யாராவது தண்டவாளத்தின் மேல் ஏறி நின்றால் பயந்துவிடாதீர்கள்.

"கசிந்த படம்" என்று வருவதில் எது நிஜம், எது கணினி வரைந்தது?

இணைப்புகளைப் பாருங்கள். நிஜத் தண்டவாளம் துண்டு துண்டாக வந்து போல்ட் போட்டுச் சேர்க்கப்படுவது. சில மீட்டருக்கு ஒருமுறை மூட்டு தெரிந்தே ஆக வேண்டும். பொய்ப் படத்தில் தண்டவாளம் நூடுல்ஸ் மாதிரி மூட்டே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். தாங்கும் தூண் பாதியில் காணாமல் போகும்.

ஒரு புதுமையான ரைடுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் உறுதிதானே?

இல்லை. பெரிய பார்க் நிறுவனங்கள் காப்புரிமைகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது வழக்கம். நான் கட்டாவிட்டாலும் அடுத்தவன் கட்டக்கூடாது என்கிற கணக்கும் அதில் உண்டு. டிரேட்மார்க் கொஞ்சம் உருப்படியான தடயம். அமெரிக்காவில் இன்னும் பயன்படுத்தாத பெயருக்கு விண்ணப்பித்தால், அனுமதி கிடைத்த பிறகு நீட்டிப்பெல்லாம் சேர்த்து 36 மாதங்களுக்குள் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். ஆக, பெயர் பதிவானால் யாரோ நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் நம்மைக் குழப்பவே இரண்டு மூன்று பெயர்களைச் சேர்த்துப் பதிபவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் எதைத்தான் நம்புவது, அண்ணா?

உயர அனுமதிக் காகிதங்களை. அரசு அலுவலகத்தில் பொய் சொல்ல முடியாது பாருங்கள்!

இங்கிலாந்தின் தோர்ப் பார்க்கில் "புராஜெக்ட் எக்ஸோடஸ்" என்று ஒரு கட்டட விண்ணப்பம் வந்தபோதே உயரம், தண்டவாளப் பாதை எல்லாம் வரைபடமாக வெளியே தெரிந்துவிட்டது. 2024-இல் அதுதான் 236 அடி உயர ஹைபீரியாவாகத் திறந்தது. பெயரைத் தவிர ரசிகர்களுக்கு எதுவுமே புதிதாக இல்லை.

அனுமதி விதிகள் ரைடின் உருவத்தையே மாற்றிவிடும். அமெரிக்காவில் 200 அடியைத் தொட்டால் விமானப் போக்குவரத்துத் துறையின் விதிகள் குறுக்கே வரும். சிவப்பு எச்சரிக்கை விளக்கெல்லாம் மாட்ட வேண்டியிருக்கும். பாழடைந்த பழைய ஓட்டல் என்று கதை சொல்லிவிட்டு உச்சியில் விமான விளக்கு மின்னினால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் புளோரிடா டிஸ்னியின் டவர் ஆஃப் டெரர் 199 அடியோடு நின்றுவிட்டது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே எதையும் மரங்களின் தலைக்கு மேலே உயர்த்தக்கூடாது. மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாமே என்று பாறையை வெடி வைத்துப் பிளந்து, அந்தப் பள்ளத்துக்குள் 1994-இல் நெமிசிஸ் கோஸ்டரைக் கட்டினார்கள். தரையை உரசிக்கொண்டு போவதுதான் இன்றைக்கு அதன் புகழே. தடை இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு நல்ல கோஸ்டர் வந்திருக்காது என்பது என் கட்சி.

எங்களுக்குப் பிடித்த கோஸ்டரின் தண்டவாளத்தைக் கழற்றுகிறார்கள். நிரந்தரமாக மூடப்போகிறார்களா?

கழற்றுவதெல்லாம் சாவு அல்ல. மேலே சொன்ன நெமிசிஸையே 2022 நவம்பரில் மூடி, பெரும்பாலான தண்டவாளத்தை மாற்றி, 2024 மார்ச்சில் மறுபடி ஓட்டினார்கள். புளோரிடா யுனிவர்சலின் ஹல்க் கோஸ்டருக்கும் 2015-16-இல் இதே வைத்தியம் நடந்தது.

மர கோஸ்டர் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மரச் சட்டத்தை வைத்துக்கொண்டு மேலே எஃகுத் தண்டவாளம் போட்டுவிடுவார்கள். டெக்ஸாஸ் ஜயன்ட் 2011-இல் இப்படித்தான் புதுப்பிறவி எடுத்தது. ஓஹையோவின் சீடர் பாயின்ட் பார்க்கில் 1991-இல் வந்த மீன் ஸ்ட்ரீக், ஏறி இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும் என்று பெயரெடுத்த கோஸ்டர். அதே மரங்களின் மேல் 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் வந்தது. இப்போது தலைகீழாக நான்கு முறை கவிழ்க்கிறது. எனவே மூடிய மர கோஸ்டரின் சட்டம் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் நம்பிக்கையோடு இருங்கள். புல்டோசர் வந்துவிட்டால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உலகிலேயே உயரமான, வேகமான கோஸ்டர் எங்கள் பார்க்குக்கு எப்போது வரும்?

வராமல் இருந்தால் நல்லது என்பேன். கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியின் கிங்டா கா 2005-இல் வந்தது. 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தை 3.5 வினாடியில் எட்டும். தூக்கி வீசியது ஹைட்ராலிக் லாஞ்ச். அதாவது, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுழற்ற, அதில் சுற்றிய வடம் வண்டியை இழுத்துக்கொண்டு பாயும். வடம் தேயும், எண்ணெய் சூடேறும், கொஞ்சம் மழை காற்று என்றாலும் நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் ஏறாமலேயே வீடு திரும்பினார்கள். 2024-இல் மூடி, 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அதன் அண்ணன் ஓஹையோவின் டாப் திரில் டிராக்ஸ்டர். 2003-இல் வந்தது, 420 அடி. 2021-இல் வண்டியிலிருந்து கழன்ற இரும்புத் துண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் பட்டுப் பலத்த காயம். அதன்பின் அது பழையபடி ஓடவே இல்லை. ஹைட்ராலிக்கைத் தூக்கிவிட்டு மின்காந்த லாஞ்ச் வைத்து, 2024 மே மாதம் டாப் திரில் 2 என்று திறந்தார்கள். சில நாட்களிலேயே வண்டிகளில் கோளாறு என்று நிறுத்தி, மறுபடி 2025-இல்தான் ஓடியது. சாதனை ரைடு என்றால் உங்கள் பார்க்கின் பராமரிப்புப் பணமெல்லாம் அந்த ஒரு வயிற்றுக்கே போகும். பக்கத்தில் இருக்கும் நல்ல ரைடுகள் பட்டினி கிடக்கும்.

அப்படியானால் எங்கள் பார்க்கில் அடுத்து என்ன வரும் என்று நானே கணிக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அடுத்த முறை போகும்போது, பெரிய கோஸ்டரின் வண்டி புறப்படும் இடத்துக்கு எதிரே நிழலாகப் பார்த்து நில்லுங்கள். ஒரு வண்டி கிளம்பியதிலிருந்து அடுத்தது கிளம்பும் வரை எத்தனை வினாடி என்று பத்து முறை எண்ணுங்கள். வண்டிக்கு 28 இருக்கை, 60 வினாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 1,680 பேர். அதுவே 90 வினாடி ஆனால் 1,120. ஒரே வண்டியை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் வெறும் 560! இதே போல நான்கைந்து ரைடுகளை எண்ணுங்கள். பார்க்கின் எந்தப் பக்கத்தில் கூட்டத்தை விழுங்க ரைடு இல்லையோ, புதுசு அங்கேதான் தேவைப்படும். அறிவிப்பு எப்போது வரும் என்பது வேறு விஷயம். எங்கே வரும் என்பது தெரிந்துவிடும்.

கூடவே வரிசையில் நிற்கும் முகங்களையும் பாருங்கள். உயரம் போதாமல் அழும் பிள்ளை, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கும் தாத்தா, கைப்பை காக்கும் அம்மா. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏறக்கூடிய ரைடு அந்தப் பார்க்கில் குறைவு என்றால், நீங்கள் எவ்வளவு கேட்டாலும் அடுத்து வருவது மிதமான குடும்ப கோஸ்டர்தான். அதைக் கேட்டு இளவட்டங்கள் முகம் சுளிப்பதும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

மேடை போட்டு அறிவித்த ரைடே வராமல் போகுமா?

போகும். புளோரிடா டிஸ்னியின் எப்காட் பார்க்கில், மேரி பாப்பின்ஸ் படத்தை வைத்து ஒரு ரைடு என்று 2019-இல் அறிவித்தார்கள். மறு வருடம் கொரோனா வந்தது, ரைடு வரவில்லை.

புளோரிடா டிஸ்னியில் அவெஞ்சர்ஸ் பகுதி எப்போது?

அவெஞ்சர்ஸ் நாயகர்கள் மார்வெல் நிறுவனத்தின் பிள்ளைகள். அந்த மார்வெலை டிஸ்னி வாங்கியது 2009-இல். ஆனால் 1994-லேயே மார்வெல் யுனிவர்சலோடு ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதனால் யுனிவர்சலில் இருக்கும் நாயகர்களை அந்தப் பக்கத்து டிஸ்னி பார்க்குகள் பயன்படுத்த முடியாது. சொந்தப் பிள்ளைதான், ஆனால் வேறு வீட்டில் தத்து. வக்கீல்கள் மனது வைக்காமல் இதில் ஒன்றும் நடக்காது.

சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டது. டிக்கெட் எடுத்துவிடலாமா?

பொறுங்கள். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு சட்டம் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். கை நீட்டினால் எங்கேயாவது இடிக்குமா என்று பார்க்கத்தான் அது. அப்புறம் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து நாள் முழுக்க ஓட்டுவார்கள். பொம்மைகள் போய் ஊழியர்கள் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தால் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பனிமனிதனை எப்போது சரிசெய்வார்கள்?

எதிர்பார்த்தேன், இது வராமல் இருக்காதே. தெரியாதவர்களுக்கு: புளோரிடா டிஸ்னியில் 2006-இல் திறந்த எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் கோஸ்டரின் முடிவில் ஒரு பிரம்மாண்டமான யெட்டி பொம்மை நம்மைப் பிடிக்கப் பாயும். சில மாதங்கள்தான் பாய்ந்தது. பிறகு அசைவை நிறுத்திவிட்டு, பளிச் பளிச்சென்று விளக்கடித்து அசைவது போலக் காட்டினார்கள். அதனால் ரசிகர்கள் அதற்கு டிஸ்கோ யெட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் சரிசெய்வேன் என்று பொதுமேடையில் சொன்ன வடிவமைப்பாளர் ஜோ ரோடே 2021-இல் ஓய்வு பெற்றுவிட்டார். பொம்மை மலைக்குள்ளே பொதிந்து நிற்கிறது. அதைத் தொட வேண்டும் என்றால் ரைடை நீண்ட நாள் மூட வேண்டும். வரிசையோ தினமும் நிரம்பி வழிகிறது.

கணக்குப் பிள்ளையாக யோசித்தால் வாய்ப்பு குறைவு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கணக்கு வேண்டாம். அங்கே ஒரு வேலி போட்டார்கள் என்று தெரிந்தால் முதல் ஆளாக எட்டிப் பார்ப்பேன், உள்ளே கழிப்பறையே கட்டினாலும்.