கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: பிரெஞ்சுக் கிராமப்புற ஓட்டம், கேள்வி-பதில்

சமதரையில் 20 கி.மீ. ஓடிப் பழக்கம். அவேரோன் பகுதியில் அதே தூரத்துக்கு ஒரு பாதை பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டேகால் மணி நேரம் போதுமா?

மொத்த ஏற்றம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. அது தெரியாமல் நேரம் சொல்ல முடியாது. காட்டிலும் மலையிலும் ஓடும் பிரெஞ்சு ட்ரெயில் ஓட்டக்காரர்கள் 'கிலோமீட்டர்-எஃபோர்' என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 20 கி.மீ. பாதையில் 800 மீட்டர் ஏற்றம் இருந்தால் 28 கி.மீ. ஓடியதாகக் கணக்கு. அந்த 28-க்கு உங்கள் சமதரை வேகத்தைப் போட்டுப் பாருங்கள்.

இறக்கம் இந்தக் கணக்கில் வராது, ஆனால் நேரத்தைத் தின்னும். கோன்க் கிராமத்துக்குள் இறங்கும் ஜி.ஆர். 65 என்ற நெடுநடைப் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுகலான, செங்குத்தான பாதை, காலடியில் தகடு தகடாகப் பெயரும் பாறை. மழை பெய்து அதன்மேல் இலையும் கிடந்தால் நடப்பதுதான் புத்தி. அங்கே இரவு தங்கினால் மறுநாள் இன்னொரு சோதனை. ஊரைவிட்டு இறங்கி, தூர்து ஆற்றின் பழைய கல்பாலத்தைத் தாண்டிய உடனே மலையேற்றம் ஆரம்பித்துவிடும். உடம்பு சூடேற அவகாசமே கிடையாது. அந்த ஏற்றத்தை நடந்தே முடித்துவிட்டு, மேலே போய் ஓட ஆரம்பியுங்கள்.

பிரெஞ்சு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் ஒரு செ.மீ. என்பது 250 மீட்டர். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக வரும் செங்குத்தான இடத்தை முதல் நாளே பென்சிலால் குறித்து வையுங்கள்.

மரத்திலும் கல்லிலும் பூசியிருக்கும் வண்ணக் கோடுகளை எப்படிப் படிப்பது?

மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர். எனப்படும் நெடும்பாதை. மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. ஒற்றை மஞ்சள் என்றால் உள்ளூர்ச் சிறு சுற்று. காலை ஓட்டத்துக்கு இந்த மஞ்சள்தான் பெரும்பாலும் தோதானது, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். கோடுகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வெட்டிக்கொண்டால் 'இந்தப் பக்கம் போகாதே' என்று பொருள்.

நடப்பவர்களைவிட ஓடுபவர்கள்தான் அதிகம் வழி தவறுகிறார்கள். இறக்கத்தில் கண் காலடியிலேயே இருக்கும், திருப்பம் பக்கத்தில் கடந்து போய்விடும். பிரிவுச் சந்திக்குப் பிறகு 400 மீட்டர் ஓடியும் குறி தென்படவில்லையா, திரும்பி வந்துவிடுங்கள். 'கொஞ்சம் முன்னால் இருக்கும்' என்ற நினைப்பு மூன்று கிலோமீட்டருக்கு இழுத்துக்கொண்டு போகும்.

அல்சாஸும் வோஜ் மலையும் மட்டும் விதிவிலக்கு. அங்கே 1872-இல் தொடங்கிய க்ளப் வோஜியன் சங்கத்துக்குத் தனிக் குறிமுறை: செவ்வகம், முக்கோணம், வட்டம், வளையம், சிலுவை, ஒவ்வொன்றும் பல வண்ணங்களில். ஜி.ஆர். 5 கூட அங்கே சிவப்புச் செவ்வகமாகத்தான் வரும். சிலுவையைக் கண்டு 'தடை' என்று திரும்பிவிடாதீர்கள், அங்கே அது வழிக்குறி.

சேன்-சிர்-லபோப்பி கிராமத்தை ஓடியே பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

காரை பூஸியேஸ் ஊரில் விட்டுவிட்டு, லோத் ஆற்றின் இடக்கரையில் ஆற்றுக்கு எதிர்த்திசையில் கிளம்புங்கள். போக நாலு கி.மீ., வர நாலு கி.மீ. ஜி.ஆர். 36-இன் ஒரு துண்டு இது.

முதல் பகுதிதான் இந்தப் பாதையின் உயிர். 19-ஆம் நூற்றாண்டில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்புப் பாறை நேராக ஆற்றுக்குள் இறங்கியதால் நடக்கக் கரையே இல்லை. அதனால் பாறையையே குடைந்து ஒரு நடைவழி செய்தார்கள். ஒரு பக்கம் குடைந்த சுவர், தலைக்குமேல் பாறை விளிம்பு, மறுபக்கம் தண்ணீர். சுவரில் டேனியல் மோனியே செதுக்கிய நீண்ட புடைப்புச் சிற்பமும் உண்டு. இங்கே ஓடாதீர்கள். தரை தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது, எதிரே வருபவருக்கு ஒதுங்கவும் இடம் குறைவு. நின்று பார்க்க வேண்டிய இடமும்கூட.

அதைத் தாண்டி ஆற்றோர மண்பாதையில் நிம்மதியாக ஓடலாம். கடைசியில் கிராமம் ஆற்றுக்கு 100 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கும், அந்த ஏற்றத்துக்கு மூச்சை மிச்சம் வையுங்கள். ஊருக்குள் இருப்பதெல்லாம் சரிவான கல்தெருக்கள். அடிப்பாகத்தில் கடினமான, ஆழப் பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ ஈரக்கல்லில் வழுக்கும். 3 முதல் 4 மி.மீ. பற்களும் மென்மையான ரப்பரும் உள்ளதே இங்கே நல்லது. கோடையில் காலை 8 மணிக்குள் ஊரைத் தொட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் ஓட்டம் என்ற பேச்சே இல்லை. ஆறு பெருகியிருந்தால் கீழ்ப்பாதையில் தண்ணீர் ஏறிவிடும், நல்ல மழைக்குப் பிறகு விசாரித்துவிட்டுப் போங்கள்.

வழியில் தண்ணீர், சாப்பாடு கிடைக்குமா?

கிராமத்துக்குக் கிராமம் டீக்கடை இருக்கும் என்ற நம் ஊர் நினைப்போடு போகாதீர்கள். பல சிற்றூர்களில் கடையே இல்லை. இருக்கும் பேக்கரியும் மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, திங்களன்று பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்ட் 15 பொது விடுமுறை.

தண்ணீருக்கு ஒரு வழி உண்டு, அங்கே நெடுநடை போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்ற அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு குழாய் இருக்கும், மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துப் போனால் பக்கத்திலோ ஊர் ஓரத்திலோ அகப்படும். 'ஓ நோன் போத்தாப்ளு' என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள், தலையில் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். 'நோன்' இல்லாமல் 'ஓ போத்தாப்ளு' என்றிருந்தால் குடிநீர்.

கோஸ் எனப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பெய்யும் மழையெல்லாம் பாறைப் பிளவுகளில் இறங்கி நிலத்தடிக்குப் போய்விடுவதால் மேலே ஓடை கிடையாது. ஜூலையில் அங்கே இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு ஒன்றரை லிட்டரை முதுகில் சுமந்தே ஆக வேண்டும்.

கனால் து மிதி கால்வாய்க்கரை முழுக்க மர நிழல் என்கிறார்களே?

பழைய புகைப்படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். பிளேன் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் 2006-இல் அந்தக் கால்வாயில் கண்டுபிடிக்கப்பட்டு, பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் மரப்பெட்டிகளோடு அந்த நோய் பிரான்ஸுக்குள் வந்தது என்கிறார்கள். மாற்றுக் கன்றுகள் நட்டு வருகிறார்கள், நிழல் தர நாளாகும். கோடையில் தொப்பி கட்டாயம்.

துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை தார்ப்பாதை, அதற்கப்பால் மண்ணும் மர வேர்களும். 1681-இல் முடிந்த இந்தக் கால்வாய்க்கரையில் ஏற்றம் மிகக் குறைவு என்பது கேட்க இனிக்கும். ஆனால் ஒரே தசை, ஒரே கோணம், மணிக்கணக்காக. 25 கி.மீ.க்கு மேல் ஓடுவதானால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடந்து கொடுங்கள். ரயில் பாதையும் பெரும்பாலும் அதே திசையில் போவதால் ஒருவழி ஓடிவிட்டு காஸ்தெல்நோதாரியில் ரயில் ஏறித் திரும்பலாம்.

அக்டோபரில் அல்சாஸ் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஓடலாமா?

ரிபோவில்லே, ஹுனாவிர், ரிக்விர் மூன்றும் சுமார் 5 கி.மீ.க்குள் அடங்கும் அருமையான வரிசை. ஹுனாவிரில் மதில் சூழ்ந்த தேவாலயத்தைச் சுற்றித் தோட்டம்தான். ஆனால் அறுவடைக் காலத்தில் சில ஊராட்சிகள் தோட்டப் பாதைகளை மூடிவிடுகின்றன. நுழைவில் அறிவிப்பு ஒட்டியிருக்கும், அப்போது மேலே காட்டோரப் பாதைக்கு ஏறிவிடுங்கள். பழத்தில் கை வைக்காதீர்கள், ஒரு குலையானாலும் திருட்டுதான். கோடையில் வருபவர்கள் மருந்தடிக்கும் டிராக்டரைக் கண்டால் காற்று வீசிவரும் பக்கமாக விலகி நில்லுங்கள்.

அந்தக் காடுகளில் உண்ணி அதிகம். ஓடி முடித்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். மருந்துக்கடையில் விற்கும் சின்னக் கொக்கியால் சுழற்றி எடுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு வைத்தியம் எல்லாம் வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றிப் பிறகு செந்நிற வளையம் பரவினால் உடனே மருத்துவரைப் பாருங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

வேட்டைக்காரர்களும் காவல் நாய்களும் பயமுறுத்துகின்றன.

வேட்டை பொதுவாக செப்டம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை. 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) பலகையைக் கண்டால் வேறு பாதை பாருங்கள். வேறு வழியில்லை என்றால் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போட்டு, காதில் பாட்டு இல்லாமல் போங்கள். பழுப்பு, கறுப்பு உடைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நாய் என்றால், ஆல்ப்ஸிலும் பிரனேயிலும் ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளைப் 'பத்து' நாய். உங்களைக் கடிக்க அல்ல, மந்தையிலிருந்து விலக்கத்தான் குரைத்துக்கொண்டு வரும். ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள், ஓடுவதுதான் அதைத் தூண்டும். கைத்தடியை ஓங்காதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். அமைதியாகப் பேசிக்கொண்டே மந்தையைப் பெரிதாகச் சுற்றி நடந்து போங்கள்.

பாரீஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப ஏதாவது?

பாரீஸுக்குள்ளேயே இருக்கும் 'கார் து லியோன்' ரயில் நிலையத்தில் ஏறி ஃபோந்தேன்ப்ளோ-ஆவோனில் இறங்கி, காட்டைக் குறுக்கே கடந்து பார்பிஸோன் கிராமம். 1842 முதல் தெனுகூர் என்பவர் அந்தக் காட்டில் நீலக் குறியிட்ட பாதைகளை உருவாக்கினார், நீலக் குறிப் பாதைகள் இன்றும் இருக்கின்றன. மணல் அதிகம் என்பதால் வழக்கமான வேகம் வராது. எல்லா மண்டலங்களுக்குமான நவிகோ என்ற பாரீஸ் வட்டாரப் பயண அட்டை இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம்.

மெதோக் மாரத்தானுக்குப் பதிவு செய்ய மருத்துவச் சான்று வேண்டுமா? முடிக்க முடியுமா?

பிரான்ஸில் ஓட்டப் போட்டிகளுக்குப் பெரியவர்களிடம் இப்போது பழைய மருத்துவச் சான்றுக்குப் பதிலாக பி.பி.எஸ். கேட்கிறார்கள். தடகளக் கூட்டமைப்பின் தளத்தில் இதய ஆபத்து பற்றிய குறிப்புகளைப் பார்த்து முடித்தால் ஒரு எண் தருவார்கள், அதைப் பதிவில் போட வேண்டும். போட்டி நாளன்று அது செல்லுபடியாக வேண்டும்.

கால வரம்பு ஆறரை மணி நேரம், அதாவது கி.மீ.க்கு 9 நிமிடம் 14 விநாடி. கேட்க எளிது. ஆனால் வேடம் போட்டுக்கொண்டு, வழிநெடுக ஒயின் ருசி பார்க்கும் ஓட்டம் இது. 20 இடங்களில் இரண்டிரண்டு நிமிடம் நின்றாலே 40 நிமிடம் போச்சு, மிச்ச நேரத்தில் கி.மீ.க்கு 8 நிமிடம் 18 விநாடி வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். செப்டம்பர் வெயிலில் ஒயின் தாகத்தைத் தீர்க்காது, ஒவ்வொரு குவளைக்கும் இரண்டு மடங்கு தண்ணீர் குடியுங்கள். வேடத்தைப் போட்டுக்கொண்டு ஒருமுறையாவது 15 கி.மீ. ஓடிப் பாருங்கள். அக்குளில் உரசும் தையல் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.