பாலம் ஏறும்போது மட்டும் வரும் ‘வாயு’

57 வயதில் ஓடத் தொடங்கி மாரத்தானுக்குப் பதிவு செய்திருக்கும் நீங்கள், எனக்கு எழுதிய கடிதத்தில் மூட்டில் கேட்கும் சத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து டவுனை நோக்கி ஓடும் வழியில் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம் வருவதையும், நின்று ஏப்பம் விட்டதும் அது விலகிவிடுவதையும் இரண்டே வரிகளில் முடித்துவிட்டீர்கள். உங்கள் அண்ணன் 52 வயதில் மாரடைப்பில் இறந்த செய்தி கடிதத்தின் கடைசியில்தான் வருகிறது. நீங்கள் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். வலியோ வீக்கமோ இல்லாத மூட்டுச் சத்தத்தால் கெடுதல் இல்லை. பெருவிரல் நகம் கறுத்ததற்குக் காரணம் இறுக்கமான ஷூ. அரை அளவு பெரிதாக வாங்குங்கள். ஆறு மாதம் ஓடியவருக்கு ஓய்வில் நாடித்துடிப்பு 54 இருப்பது, தலைச்சுற்றல் இல்லாதவரை, பழக்கத்தால் வந்த நன்மையே. ஓடினால் இதயம் வீங்கிவிடும் என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள்.

இனி அந்த அழுத்தம். ‘வாயுதான் அண்ணாச்சி’ என்று உடன் ஓடுபவர்கள் சொன்னதை நம்பி, ஓட்டத்துக்கு முன் அமிலம் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொள்கிறீர்கள். வாயுவுக்குப் பாலம் எது, சமதளம் எது என்று தெரியாது, இதயத்துக்குத் தெரியும். தூர் சேர்ந்த வாய்க்காலில் தேவை குறைவாக இருக்கும்வரை கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும், எல்லா வயலும் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். இதயத் தமனி சுருங்கியவருக்கும் ஏற்றத்தில்தான் நெஞ்சு இறுகும். ஏப்பம் விட்டதும் விலகியது என்கிறீர்களே, நின்றதால் விலகியதை ஏப்பத்தின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாலத்தைத் தாண்டிய பின் பத்து கிலோமீட்டர் சுகமாக ஓட முடிகிறது என்பதும் ஆறுதல் அல்ல. முதல் ஏற்றத்தில் இறுகி, பிறகு தளர்ந்துவிடும் நெஞ்சுவலியும் உண்டு.

மருத்துவ முகாமில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி, பாலத்தில் நடப்பதை எப்படிக் காட்டும்? என் அனுபவத்தில், விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்பவரைவிட, கையை முஷ்டியாக மடக்கி மார்பின் நடுவில் வைத்து, ‘வலி இல்லை டாக்டர், இப்படிப் பிடிக்கிறது’ என்பவரிடம்தான் நான் கூடுதலாகக் கவனம் வைப்பேன். 35 வயதைக் கடந்தவர்கள் உடற்பயிற்சியின்போது திடீரென இறக்க நேர்ந்தால், பெரும்பாலும் காரணம் இதயத் தமனி அடைப்பே.

ஆகவே இன்றிலிருந்து ஓட வேண்டாம். மாரத்தான் பதிவுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். இந்த வாரத்துக்குள் இதய நிபுணரைப் பாருங்கள். டிரெட்மில் பரிசோதனையா, எக்கோவா, ஆஞ்சியோகிராமா என்பதை உங்களை நேரில் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள். அதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்தாலோ, சில நிமிடங்களில் விலகாவிட்டாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ, மறுநாள் வரை பொறுக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு முன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதய நோய் இருக்கக்கூடிய ஒருவருக்கு அந்த வகை மாத்திரையே ஆபத்து. யார் சொல்லி இதைத் தொடங்கினீர்கள்?

57 வயதில் ஓடத் தொடங்கியது தவறு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அடைப்பு இருப்பது தெரிந்து, முறையாகச் சிகிச்சை பெற்று, மருத்துவர் அனுமதித்த பின் படிப்படியாக மீண்டும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிபுணரிடம் போகும்போது ‘வாயு’ என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாலம் ஏறினால் வருகிறது, நின்றால் விலகுகிறது, அண்ணன் 52 வயதில் போனார் என்று இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.