ஆசிரியர் இல்லாமல் நீள்வாள் பழக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 26. ஐரோப்பிய இடைக்கால வாள்சண்டையில் பெரிய ஆர்வம். எங்கள் ஊரில் கற்றுத்தர ஆள் இல்லை. இணையத்தில் ஓர் அலங்கார நீள்வாள் வாங்கினேன். வீடியோக்களையும் தால்ஹோஃபர் என்பவருடைய 15ஆம் நூற்றாண்டுச் சுவடிப் படங்களையும் பார்த்து, மொட்டை மாடியில் தினமும் ஒரு மணி நேரம் வீசிப் பழகுகிறேன். இப்போது வலது மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கின்றன. தம்பி, கிரிக்கெட் ஹெல்மெட் போட்டுக்கொண்டு என்னோடு மோதத் தயாராக இருக்கிறான். தனியாகவே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எந்தப் புத்தகம், எந்த வாள், எப்படிப் பயிற்சி?

பதில்: அந்த வாளை இன்றே சுவரில் மாட்டிவிடுங்கள். மறுபடி வீச வேண்டாம். கைப்பிடியின் அடிக் குமிழைத் திருகிக் கழற்ற முடிந்தால், பிடியை உருவிவிட்டு உள்ளே பாருங்கள். அகலமான அலகு, பிடிக்கு மேலே இருக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்டியதும் சட்டென்று முடிந்திருக்கும். அதன் நுனியில் பென்சில் கனத்துக்கு, மரை போட்ட ஒரு கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். மலிவான அலங்கார வாள்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ஒவ்வொரு வீச்சின் பாரமும் அந்தப் பற்றவைப்பில்தான் இறங்குகிறது. வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே விரிசல் ஓடி, ஒரு நாள் பிடி மட்டும் கையில் நிற்கும், அலகு பறந்துவிடும். ஒழுங்கான வாளில் அலகின் எஃகே ஒரே துண்டாகக் குமிழ் வரை நீண்டிருக்கும்.

உங்கள் வலியில் பாதி இந்த வாளால் வந்தது. அக்கால நீள்வாள்களில் பெரும்பாலானவை 1.2 முதல் 1.6 கிலோவுக்குள் அடங்கும். எடைமையம் குறுக்குக் கம்பியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தூரத்தில் இருக்கும். அலங்கார வாள்கள் இரண்டு கிலோவைத் தாண்டுவதும் உண்டு, பாரமும் நுனிப்பக்கம் தள்ளியிருக்கும். உங்கள் வாளைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், பிறகு ஒற்றை விரலில் நிறுத்தி எடைமையத்தைப் பாருங்கள். வலியின் மறுபாதி நீங்கள் பிடித்து வீசும் விதத்தில் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதல் வேலையாக இரண்டு வாரம் கைக்கு முழு ஓய்வு கொடுங்கள். அதற்குப் பிறகும் வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும். முழங்கைத் தசைநார் வீக்கத்தோடு பழகினால் மாதக்கணக்கில் இழுத்துவிடும்.

இனி வாள். முதல் ஓராண்டுக்கு எஃகு தேவையே இல்லை. நம் நாட்டில் 9 அங்குலத்தைத் தாண்டிய கூரான வாள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். முனை மழுங்கிய பயிற்சி வாளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் சுங்கத்தில் கேள்வி எழலாம். ஆசாரியிடம் மரவாள் செய்யச் சொல்லுங்கள். மொத்த நீளம் 125 செ.மீ.: அலகு 95, மீதி பிடியும் குமிழும். அலகின் அகலம் 4 செ.மீ., கனம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஓரங்களை உருட்டிவிடச் சொல்லுங்கள். பிடியின் குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருப்பது மிக முக்கியம். உருண்டையாக இருந்தால் வெட்டும் விளிம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. குறுக்குக் கம்பிக்கு 22 செ.மீ. கட்டை ஒன்று போதும். மரம் கருவேலம் என்றால் நல்லது. மண்வெட்டிப் பிடிக்கு ஆகும் மரம் இதற்கும் ஆகும். முடிச்சு இருக்கக் கூடாது, நார் பிடியிலிருந்து நுனி வரை நேராக ஓட வேண்டும். நார் சாய்ந்து வெளியேறும் இடத்தில்தான் மரவாள் பிளக்கும். வாரம் ஒரு முறை கையுறை இல்லாமல் அலகைத் தடவிப் பாருங்கள். சிராய் கிளம்பியிருந்தால் தேய்த்துவிடுங்கள், விரிசல் என்றால் அந்த வாளோடு முடிந்தது.

புத்தக விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மியூனிக்கில் இருக்கும் தால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுச் சுவடி அற்புதமான ஆவணம். ஆனால் படத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் விளக்கம். எந்த அசைவிலிருந்து அந்த நிலைக்கு வந்தார்கள், அடுத்து என்ன செய்தார்கள் என்பது ஏற்கெனவே கலை தெரிந்தவருக்குத்தான் புரியும். தொடக்கக்காரர் அதைப் பார்த்து நிலைகளை நகல் எடுக்கலாமே தவிர, சண்டை கற்க முடியாது.

ஜெர்மன் மரபுக்கு வேர் 14ஆம் நூற்றாண்டு ஆசான் யோஹானஸ் லீக்டெனவர். அவர் கலையைப் புதிர்போன்ற செய்யுளாக விட்டுச் சென்றார். 15ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதியவர்கள்தாம் நமக்குத் துணை: ரிங்கெக்கின் உரை டிரெஸ்டனில் இருக்கிறது, 1452ஆம் ஆண்டுச் சுவடி ஒன்று ரோமில் இருக்கிறது. இத்தாலியில் ஃபியோரே தெய் லிபெரி 1410ஐ ஒட்டித் தன் நூலைப் படங்களோடு எழுதினார். இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் விக்டெனவர் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியாகப் பழகுபவருக்கு என் தேர்வு வேறு: ஸ்ட்ராஸ்பூர்கில் யோவாகிம் மையர் 1570இல் அச்சிட்ட நூல். அவர் மாணவருக்காகவே எழுதினார். முதலில் எதிரியின் உடலைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறார், பிறகு வாளையும் அப்படியே பிரிக்கிறார், பிறகு நிலைகள், பிறகு வெட்டுகள் என்று படிப்படியாக ஏற்றுகிறார். அவருடைய நீள்வாளில் குத்து குறைவு. அந்தக் காலத்து ஜெர்மன் பயிற்சிக்கூடங்களில் குத்தைத் தவிர்த்தார்கள் என்பது காரணம். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் போதும். எதை எடுத்தாலும் ஓராண்டுக்கு ஒரே ஆசான். ஃபியோரேயின் நிலையில் நின்று மையரின் வெட்டை வெட்டிப் பழகினால் இரண்டும் தேறாது.

இப்போது பயிற்சி. வலது கை குறுக்குக் கம்பிக்குக் கீழே, இடது கை குமிழை ஒட்டி. சுத்தியலைப் பிடிப்பதுபோல முஷ்டியாக இறுக்காதீர்கள். பிடி உள்ளங்கையில் சாய்வாகக் கிடக்கட்டும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் பற்றட்டும், மற்ற விரல்கள் தளர்வாக இருக்கட்டும். விரல்களின் நடுக்கணு வரிசை வெட்டும் விளிம்போடு நேராக இருக்கிறதா பாருங்கள். வெட்டும்போது வலது கை முன்னே தள்ளும், இடது கை தன் பக்கம் இழுக்கும். நெம்புகோல் வேலைதான், தோள் பலம் அதிகம் வேண்டாம். வீடியோக்களைப் பார்த்துப் பழகுபவர்கள் வெட்டை நடுக்காற்றில் 'டக்' என்று நிறுத்துகிறார்கள். அந்தப் பிரேக் முழுக்க மணிக்கட்டில் விழுகிறது. நான் சொன்ன வலியின் மறுபாதிக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு மாதம் எந்த வெட்டையும் நடுவில் நிறுத்த வேண்டாம். வலது தோளருகே தொடங்கி, எதிரியின் கழுத்து இருக்கும் இடத்தைக் கடந்து, இடது முழங்காலுக்கு வெளியே வந்து முடியட்டும்.

நிற்கும் நிலைக்கு, தரையில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் டேப்பால் ஒட்டுங்கள். இடது கால் ஒரு கோட்டில் முன்னே, வலது கால் மறு கோட்டில் பின்னே, முழங்கால்கள் சற்று மடங்கியிருக்க வேண்டும். அடி வைத்து முன்னேறினாலும் கால் தன் கோட்டிலேயே போய் நிற்க வேண்டும். இரண்டு காலும் ஒரே கோட்டுக்கு வந்தால், பக்கவாட்டில் ஒரு தட்டுக்கே சாய்ந்துவிடுவீர்கள்.

அடுத்து சொல்வதைத்தான் தனியாகப் பழகும் ஏறக்குறைய எல்லோரும் தவறவிடுகிறார்கள். வலப்பக்கமிருந்து வெட்டினால் வலது கால் கூடவே போக வேண்டும் என்று லீக்டெனவர் மரபு சொல்கிறது. கூடவே என்றால் முன்னதாக அல்ல. கைகள் முதலில் கிளம்ப வேண்டும், வாள் எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே வந்துவிட வேண்டும், வெட்டு சேரும் கணத்தில் கால் தரையைத் தொட வேண்டும். கால் முதலில் போனால் என்ன ஆகும்? உங்கள் முகமும் முன்கையும் எதிரியின் எல்லைக்குள் போய்விட்டன, வாள் இன்னும் தோளிலேயே இருக்கிறது. அவர் உங்கள் கையை வெட்டினால் போதும். தனியாகப் பழகும்போது தண்டிக்க எதிரில் ஆள் இல்லாததால் இந்தத் தவறு பழக்கமாக உறைந்துவிடும். தீர்வு உங்கள் ஃபோனில் இருக்கிறது. பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் பதிவு செய்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். குதிகால் எழுவதற்கு முன் கை நகர்ந்திருக்க வேண்டும். பிறகு ஃபோனை எதிரே வைத்துப் பதிவு செய்யுங்கள். அலகின் இரு தட்டைப் பக்கங்களிலும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தால், வெட்டு வரும்போது சிவப்பு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். பட்டையாகத் தெரிந்தால் தட்டைப் பக்கத்தால் அறைகிறீர்கள் என்று பொருள்.

இது பிடிபட்டதும் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கூட்டல் குறி வரையுங்கள். நான்கு கட்டங்கள்தாம் எதிரியின் நான்கு திறப்புகள், அதாவது வெட்டு விழக்கூடிய இடங்கள்: தலையின் இரு பக்கம், இடுப்பின் இரு பக்கம். மையரும் இதே பிரிவை எண்களிட்டு வரைந்திருக்கிறார். வாள் எட்டாத தூரத்தில் நின்று, வலமிருந்து மேலே, இடமிருந்து கீழே, வலமிருந்து கீழே, இடமிருந்து மேலே என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டாகச் செல்லுங்கள். நான்கு திசைக்கும் பத்துப் பத்து, ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. அவ்வளவு போதும். தினம் ஒரு மணி நேரம் வேண்டாம். வாரம் நான்கு நாள், நாளுக்கு 25 நிமிடம், அதில் எட்டு நிமிடம் வாளில்லாமல் காலடி மட்டும். களைத்த பிறகு வெட்டும் ஒவ்வொரு வெட்டும் தப்பான வெட்டைத்தான் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும்.

குத்துக்கு ஒரு டென்னிஸ் பந்தைக் காலுறையில் போட்டு, மோவாய் உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். பிடி இடுப்பருகே, நுனி எதிரி முகத்தைப் பார்க்கும் நிலையிலிருந்து அடி வைத்துக் குத்துங்கள். பந்து நேர்ப் பின்னால் போனால் சரி. பக்கவாட்டில் ஓடினால் நுனி வளைந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் குமிழருகே உள்ள பின்கை உடம்பைவிட்டு வெளியே விலகியிருக்கும், அதைப் பாருங்கள்.

இடம் பற்றியும் ஒரு கணக்கு. 170 செ.மீ. உயரமுள்ளவர் வாளைத் தலைக்கு மேல் நிமிர்த்தினால் நுனி கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்குப் போகும். பத்தடி கூரையும் மின்விசிறியும் உள்ள அறையில் மேல்வெட்டுக்கு வழியே இல்லை. மொட்டை மாடிதான் சரி, கொடிக்கயிறையும் மின்கம்பியையும் பார்த்துக்கொள்ளுங்கள், மழை ஈரத்தில் இறங்காதீர்கள். மாடி கிடைக்காத வாசகர்கள் ரேப்பியர் என்ற மெல்லிய ஒற்றைக் கை வாளை யோசிக்கலாம். அது பெரும்பாலும் நேர்க்குத்து, கூரையைத் தொடாது. இத்தாலிய ஆசான் கப்போ ஃபெர்ரோவின் 1610ஆம் ஆண்டு நூலை வைத்துக்கொண்டு வரவேற்பறையிலேயே வெகுதூரம் போகலாம்.

தனியாக எவ்வளவு தூரம் என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருவோம். காலடி, விளிம்பின் நேர், நிலையிலிருந்து நிலைக்கு மாறுவது ஆகியவற்றை ஆறு மாதத்தில் நன்றாகவே தேற்றிவிடலாம். பலர் வகுப்பில் கற்பதைவிடச் சுத்தமாகவும் வரும். அதற்கு மேல் தனியாகப் போக முடியாது. காரணத்தைச் சோர்ன்ஹாவ் (ஜெர்மனில் 'சினவெட்டு') என்ற முதல் பாடத்திலேயே பார்க்கலாம். எதிரி தன் வலப்பக்கமிருந்து உங்கள் தலைக்கு வெட்டுகிறார். நீங்களும் உங்கள் வலமிருந்து சாய்வாக அவர் வாள் மேலேயே வெட்டுகிறீர்கள். அலகுகள் மோதி ஒட்டி நிற்கின்றன, உங்கள் நுனி அவர் முகத்துக்கு நேரே இருக்கிறது. அவர் அழுத்தம் தளர்வாக இருந்தால் அப்படியே குத்துங்கள். அவர் உறுதியாக உங்கள் வாளைப் பக்கவாட்டில் தள்ளினால், எதிர்த்து மல்லுக்கட்டாமல் மேலே உருவி எடுத்து மறுபக்கம் தலைக்கு வெட்டுங்கள். எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுக்க முடியாது. பார்த்தும் முடிவெடுக்க முடியாது, அதற்கு நேரம் இல்லை. மோதிய அலகு வழியாகக் கை உணர்ந்து சொல்ல வேண்டும். உரைகள் திரும்பத் திரும்பப் பேசுவது இந்த உணர்வைத்தான். காற்று உங்கள் வாளைத் தள்ளாது, அதனால் தனியாக இதைப் பழக முடியாது.

ஆகவே தம்பி தேவை, ஆனால் மோதலுக்கு அல்ல. கிரிக்கெட் ஹெல்மெட் வேண்டாம். அதன் கம்பிகள் பந்தைத் தடுக்கச் செய்தவை, வாள் நுனி அந்த இடைவெளியில் நேராகக் கண்ணுக்குப் போகும். ஃபென்சிங் முகமூடி இரண்டு வாங்குங்கள், தொண்டைப் பக்கத்துத் துணிப்பகுதி குத்தைத் தாங்கும் அளவில் 350 நியூட்டன் தரத்துக்குக் குறையக் கூடாது. அது விளையாட்டு ஃபென்சிங்குக்கானது, பின்னந்தலையை மூடாது என்பதால் அதற்குத் தனி மறைப்பு வேண்டும். தொண்டைக்குக் காப்பு, இரண்டு பேருக்கும். வேகமான மோதலில் முதலில் உடைவது விரல். பேட்டிங் கையுறை விரலின் முதுகை மூடும், நுனியையும் கட்டைவிரலின் பக்கத்தையும் விட்டுவிடும். எனவே மெதுவான பயிற்சிக்கு மட்டும் அது ஆகும். மரவாளால் முழு வேகத்தில் ஒருபோதும் மோதாதீர்கள். மரம் வளைந்து கொடுக்காது, அடியின் முழு வேகமும் எலும்பில் இறங்கும்.

முதல் மாதம் ஒரே பயிற்சி போதும். இருவரும் முகமூடி அணிந்து, வாள்களை நடுவில் ஒட்டி நில்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தம்பி இஷ்டப்படி அழுத்தட்டும், அல்லது தளர்த்தட்டும். தளர்ந்தால் மெல்லக் குத்துங்கள், அழுத்தினால் உருவி மறுபக்கம் போங்கள். பத்து நிமிடம் ஆனதும் ஆள் மாறுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, ஓர் அடி தள்ளி நின்று, வெட்டிலிருந்தே தொடங்குங்கள். இங்கே ஒரு கள்ளத்தனம் நுழையும்: தாக்குபவர் மெதுவாக வருவார், தடுப்பவர் தன்னையறியாமல் இரண்டு மடங்கு வேகத்தில் பதில் சொல்வார், எல்லாத் தடுப்பும் வேலை செய்வதுபோலத் தோன்றும். இருவரும் ஒரே வேகத்தில்தான் நகர வேண்டும். யார் முந்தினாலும் அந்தச் சுற்றை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.