அல்மாரிக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஒட்டுசுட்டான் பக்கம். வயது நாற்பத்திரண்டு. மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, குறை நினைக்க வேண்டாம். இங்கே ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள்.

2009 மாசியில் சுதந்திரபுரத்தில் செல் விழுந்ததில் எனக்கு அடிவயிற்றுக்குக் கீழே காயம். புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று இருந்ததில் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. 2011இல் கலியாணம். நாலு வருடமாகப் பிள்ளை இல்லை. ஊர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாக் கேள்வியும் மனைவிக்குத்தான். கடைசியில் சோதித்துப் பார்த்தால் என்னிடம் உயிரணுவே இல்லை என்றார்கள்.

2015இல் தாலிக்கொடியை அடகு வைத்துச் சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு தனியார் வைத்தியசாலையில் வேறு ஒருவரின் விந்தை வைத்துச் சிகிச்சை செய்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த ஏழெட்டுத் தாளில் கையெழுத்து வைத்தேன். என் நிறத்துக்கும் இரத்த வகைக்கும் பொருத்தமான ஆளைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். வெளிக்கிடுகிற நாளில், "இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம், நீங்களே மறந்துவிடுங்கள்" என்று சிரித்தபடி சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அக்கா, அவள் என் உயிர். "அப்பனை உரிச்சு வைச்சிருக்கிறாள்" என்று என் அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா. அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகவும் இருக்கும், நெஞ்சுக்குள் எதோ குத்தவும் செய்யும்.

போன வருடம் அவளுக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். "தகப்பன் பக்கத்தில் யாருக்காவது தொய்வு இருக்கா?" என்று டொக்டர் கேட்டார். என் அப்பாவுக்கு இருந்தது. "ஓம், அவளின்ர அப்பப்பாவுக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அதைக் கிளினிக் கொப்பியில் எழுதினார். மனைவி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் கொப்பியை ஒவ்வொரு முறையும் நான்தான் கொண்டு போகிறேன்.

இப்போது வந்திருக்கிற பிரச்சினை வேறு. என் தம்பியை 2009 வைகாசியில் வட்டுவாகலில் அம்மா தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தவ. இன்றுவரை தகவல் இல்லை. முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் போராட்டத்துக்கு அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுவது நான்தான். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, துப்பலைக் குழாயில் விட்டு அனுப்பினால் உலகத்தில் எங்கே இரத்த உறவு இருந்தாலும் காட்டும் என்று ஒரு டிஎன்ஏ சோதனை செய்திருக்கிறார். தம்பியோ, தம்பிக்கு ஒரு பிள்ளையோ எங்காவது இருக்கக்கூடாதா என்ற நப்பாசை. எங்களுக்கும் மூன்று பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது தானே எடுத்துக்கொண்டு போவாராம். பெட்டிகள் அல்மாரிக்கு மேலே இருக்கின்றன. மகள் கதிரையில் ஏறி ஒன்றை எடுத்து, "இதுக்குள்ள துப்பினா நான் ஆரெண்டு சொல்லுமாமே, அப்பா?" என்று கேட்டாள்.

இரவில் நித்திரை இல்லை. மனைவி ஒரேயடியாக வேண்டாம் என்கிறாள். "அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, அதுக்குப் பிறகு பாப்பம்" என்கிறாள். ஊர் என்ன சொல்லும், நாளைக்குக் கலியாணப் பேச்சு என்று வந்தால் யார் பகுதி, என்ன ஆக்கள் என்று கேட்பார்களே என்று அழுகிறாள். எனக்கோ, சொன்னால் "அப்ப நீங்கள் என்ர அப்பா இல்லையா?" என்று அவள் கேட்டுவிடுவாளோ என்றுதான் பயம். சொல்லத்தான் வேண்டுமா, அக்கா?

— ஒரு தகப்பன்

*

அன்புள்ள தம்பி,

முதலில் பெட்டியை முடித்துவிடுவோம், அதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. உங்கள் தம்பியைத் தேட மகளின் துப்பல் தேவையே இல்லை. அம்மாவினுடையது போதும். பெற்ற தாயை விடக் கிட்டிய சாட்சி எந்தச் சோதனைக்கும் கிடையாது. விரும்பினால் நீங்களும் கொடுங்கள். மூன்றாவது பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, "இது அவளின் உடம்புச் சமாச்சாரம், பதினெட்டு வயதில் அவளே முடிவெடுக்கட்டும்" என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அந்தப் பெட்டியில் அவள் துப்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பெரியப்பாவுக்கும் பெறாமகளுக்கும் மரபணுவில் ஏறக்குறைய கால்வாசி பொதுவாக இருக்கும். இவளுடையது அவருடையதோடு பொருந்தாது. அதோடு, அந்தக் கொடையாளரின் சொந்தக்காரர் யாராவது எங்கோ ஒரு நாட்டில் இதே சோதனையைச் செய்திருந்தால் முன்பின் தெரியாத பெயர்கள் வந்து நிற்கும். கொடையாளர் தானே துப்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவரின் மாமா மகள் ஒருத்தி செய்திருந்தாலே போதும். "நீங்களே மறந்துவிடுங்கள்" என்று உங்களுக்குச் சென்னையில் சொன்ன காலம் முடிந்துவிட்டது. இந்தப் பெட்டி திரும்பிப் போனாலும் இருபது வயதில் அவள் தானே ஒன்றை வாங்குவாள். ஆகவே அவளுக்குத் தெரியவருமா என்று யோசித்துப் பயனில்லை. யாரிடமிருந்து தெரியவரும் என்பது மட்டும் இன்னும் உங்கள் இரண்டு பேரின் கையில் இருக்கிறது.

சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். ஓம், சொல்ல வேண்டும். உளவளத்துணையில் இப்படி ஒரே சொல்லில் பதில் தருவது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் இங்கே நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. காரணம், இந்தத் தகவல் உங்களுடையது இல்லை. உங்கள் காயம் உங்களுடையது, அதை ஊருக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். அவள் எப்படி உருவானாள் என்பது அவளுடையது. அவள் சிறுபிள்ளை என்பதால் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்படிப் பிறந்தவர்கள் பல நாடுகளில் பெரியவர்களாகி இப்போது வாய் திறந்து பேசுகிறார்கள். குழந்தை இல்லாமல் அழுதவர்களின் குரலை உலகம் கேட்டது, வைத்தியர்களின் குரலையும் கேட்டது. பிறந்த பிள்ளையிடம் கேட்கத்தான் காலம் எடுத்தது. 2019 கார்த்திகையில், சிறுவர் உரிமைச் சமவாயத்துக்கு முப்பது வருடம் நிறைந்தபோது, இவர்களில் சிலர் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையில் போய்த் தங்கள் கதையைச் சொன்னார்கள். அந்தச் சமவாயத்தின் 7ஆம் 8ஆம் உறுப்புரைகள் பிள்ளை தன் பெற்றோரை அறிவதையும் தன் அடையாளத்தைக் காப்பதையும் உரிமை என்கின்றன. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்ட நாடு. கொடையாளர் யார் என்று அறியும் உரிமையைப் பிள்ளைக்குச் சட்டமாகவே முதலில் கொடுத்தது சுவீடன், 1985இல். பிரித்தானியாவில் 2005 சித்திரைக்குப் பிறகு பதிந்த கொடையாளர்களின் பெயரைப் பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டு வாங்கலாம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017இல் இன்னும் ஒரு படி மேலே போனது. பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பழைய கொடைகளுக்கும் பிள்ளையின் உரிமைதான் பெரிது என்றது.

எங்கள் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இங்கேயும் இந்தச் சிகிச்சைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரு தேசியப் பதிவேடு வேண்டும் என்று கேட்க இன்னும் பெரிய கூட்டம் சேரவில்லை. உங்களைப் போன்ற பெற்றோர் வெட்கம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வரும் என்று எனக்குச் சில நேரம் கோபம்கூட வரும். சரி, அந்தக் கோபத்தை உங்கள் தலையில் இறக்கக்கூடாது.

உங்கள் விஷயம் இந்தியாவில் நடந்தது. அங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டல் கொடையாளரின் பெயரை மறைக்கச் சொல்கிறது. ஆனால் பிள்ளையின் உடல்நலத்துக்கு வேண்டிய விவரங்களைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உண்டு, பெயர் தவிர்ந்த மற்றவற்றைப் பிள்ளை பெரியவளானதும் கேட்கலாம் என்றும் அதே வழிகாட்டலில் இருக்கிறது. உங்களிடம் இதை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2021இல் அங்கே இந்தச் சிகிச்சைகளுக்கென்று வந்த சட்டமும் பெயரை மறைத்தே வைத்திருக்கிறது. ஆவணங்களைக் குறைந்தது பத்து வருடம் வைத்திருந்து பிறகு தேசியப் பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும் என்கிறது. நீங்கள் போனது 2015இல். கணக்குப் பாருங்கள், இது தள்ளிப்போடுகிற வேலை இல்லை. அந்தத் தாள்களைத் தேடி எடுங்கள், கோப்பு இலக்கத்தையும் திகதியையும் பாருங்கள். கொடையாளரின் வயது, உயரம், இரத்த வகை, குடும்பத்தில் உள்ள வருத்தங்கள் என்று என்னென்ன பதிவில் இருக்கிறதோ அதன் பிரதி வேண்டும் என்று இரண்டு பேரும் கையெழுத்து வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலும் போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அனுப்பியதன் பிரதியை வைத்திருங்கள். என்றோ ஒருநாள் அவள் கேட்கும்போது, "நாங்களும் உனக்காகத் தேடினோம்" என்று காட்ட அந்தத் தாள் இருக்கும்.

கிளினிக் கொப்பிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். டொக்டரோடு தனியாகக் கதைக்க ஐந்து நிமிடம் கேளுங்கள். அப்பப்பாவின் தொய்வு என்ற வரியை வெட்டி, தகப்பன் வழி வரலாறு தெரியாது என்று எழுதச் சொல்லுங்கள். காரணத்தை அவர் வெளியே கதைக்க மாட்டார், அது அவருடைய தொழில் கடமை.

இனி மகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கொலம்பொக் என்ற உளவியலாளரின் குழு இப்படிப்பட்ட பிரித்தானியக் குடும்பங்களைக் பிள்ளை கைக்குழந்தையாக இருந்ததில் இருந்து இருபது வயது வரை தொடர்ந்து பார்த்தது. ஏழு வயதுக்கு முதலே சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயோடு நல்ல உறவு இருந்தது, மனநலமும் நன்றாக இருந்தது. உங்கள் மகள் ஏழைத் தாண்டிவிட்டாள். பரவாயில்லை, ஒன்பதில் சொல்வது பத்தொன்பதில் சொல்வதை விட எவ்வளவோ நல்லது. புலமைப்பரிசில் முடியட்டும் என்றால் அடுத்தது பெரியபிள்ளையாவாள், அதற்குப் பிறகு ஓஎல், பிறகு ஏஎல், பிறகு கலியாணம். பரீட்சை இல்லாத வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு எது, தம்பி?

மனைவியின் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. நாலு வருடம் ஊர் வாயில் அரைபட்டவ அவதானே. கலியாணப் பேச்சில் "யார் பகுதி" என்றால் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், செல்லடிக்குள் ஒரே பங்கருக்குள் இருந்த சனம்தான் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்ததும் அதைத் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. ஆனால் மகளிடம் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. இது எங்கள் வீட்டு விஷயம், யாரிடம் எப்போது சொல்வது என்று நீயே பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லலாம். "யாருக்கும் சொல்லாதே" என்று வாயைப் பொத்த வேண்டாம், பொத்தினால் அது ஏதோ பிழையான காரியம் என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். சட்டத்தில் பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் நீங்கள். கலியாணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளையைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு பொதுவாகக் கணவனின் பிள்ளையாகவே கொள்கிறது.

முதலில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் சொல்லிவிடாதீர்கள். பிறகு ஒரு பின்னேரம் மூன்று பேருமாக முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குப் போங்கள். முகத்துக்கு முகம் இருத்தி வைக்காமல் தண்ணீரைப் பார்த்தபடி பக்கத்தில் இருந்து கதையுங்கள். விதைநெல், வயல் என்று உவமை எல்லாம் வேண்டாம், பிள்ளை நெல்லைப் பற்றித்தான் கேள்வி கேட்கும். நேராகச் சொல்லுங்கள். "செல் பட்டதில் அப்பாவின் உடம்பில் பிள்ளை உருவாகத் தேவையான அணு இல்லாமல் போய்விட்டது. எங்களுக்கு நீ வேண்டும் என்று ஆசை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில், எங்களுக்கு யார் என்று தெரியாத ஒருவர் தந்த அணுவும் அம்மாவின் அணுவும் சேர்ந்துதான் நீ வந்தாய்." இவ்வளவும் முதல் நாளுக்குப் போதும். அவள் ஒன்றும் கேட்காமல் ஐஸ்கிரீம் கேட்கலாம். ஒரு கிழமை கழித்து, நீங்கள் கடையில் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்கலாம். அவர் எப்படி இருப்பார், எனக்குத் தங்கச்சி தம்பி எங்காவது இருக்கா என்று கேட்டால் முகத்தை மாற்றாதீர்கள். உங்களை விட்டுவிட்டு அவரைத் தேடுகிறாள் என்று அதற்கு அர்த்தமில்லை.

நீங்கள் பயப்படுகிற அந்தக் கேள்வியையும் அவள் கேட்கலாம். "நான்தான் உன்ர அப்பா. நீ பிறந்தது வேறு ஒருவரின் அணுவில். ரெண்டும் உண்மை" என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. கிளிநொச்சியில் 2017 மாசியில் அந்தப் போராட்டம் தொடங்கியதில் இருந்து உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் கேட்பது, என் பிள்ளைக்கு என்ன நடந்தது, உண்மையைச் சொல் என்றுதான். அந்தக் கொடுமையையும் உங்கள் வீட்டு விஷயத்தையும் நான் ஒரு தராசில் வைக்கவில்லை. ஆனால் தெரிந்தவன் சொல்லாமல் இருந்தால் தெரியாதவருக்கு எப்படி இருக்கும் என்பதை அம்மாவை ஏற்றி இறக்குகிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாவுக்கும் ஒருநாள் சொல்ல வேண்டி வரும். அவசரமில்லை, மகளுக்குப் பிறகு. "அப்பனை உரிச்சு வைச்சிருக்கிறாள்" என்று அவ சொல்வதும் முழுக்கப் பொய் இல்லை. ஒன்பது வருடம் உங்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்து வந்த பிள்ளை உங்களைப் போலத்தான் சிரிப்பாள்.

பொங்கலுக்கு அண்ணா வருவதற்கு முதல் இன்னொரு கடிதம் போடுங்கள். அதில் ஒரு பக்கமாவது மனைவியின் கையெழுத்தில் இருக்கட்டும். அவ என்னைத் திட்டி எழுதினாலும் சரி.

அன்புடன்,
அக்கா