மூடுவதற்கு முன் அளந்துவிடுங்கள்: பேரிடர் சீரமைப்பு நிதி பற்றி வாசகர் கேள்வி–பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் டெல்டா ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பள்ளிக்கூடம், வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி, சாலை என ஊர்ப் பொதுச் சொத்து சேதமானால் அரசுப் பணம் எப்படி, எவ்வளவு வரும்? இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் காற்றுக்கு ஓடுகள் பறந்துவிட்டன. ஒரு பக்கச் சுவரில் விரிசல். சுற்றுச்சுவர் முப்பது அடி நீளத்துக்குச் சாய்ந்துவிட்டது. ‘பேரிடர் நிதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் கிடைக்காது’ என்கிறார்கள். புதுக் கட்டடமே கட்டித் தர வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். இது நடக்குமா?
– வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: அந்த மனு அப்படியே போனால் பேரிடர் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். காரணத்தைச் சொல்கிறோம்.

மாநிலப் பேரிடர் மீட்பு நிதி என்பது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்தது. தமிழ்நாட்டுக்கு அதில் மத்திய அரசு 75 பங்கு, மாநில அரசு 25 பங்கு போடுகின்றன. இந்த நிதியில் பொதுச் சொத்துக்கு அனுமதிக்கப்படுவது ‘உடனடித் தன்மையுள்ள பழுதுபார்ப்பு’ மட்டும். பள்ளியைத் திறந்து பிள்ளைகளை உட்காரவைக்கும் அளவுக்குச் சரிசெய்வதுதான் அதன் நோக்கம். தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. மத்திய அரசின் 2015–20 விதிமுறையில் தொடக்கப் பள்ளிக்கு 1.5 லட்சம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1.5 லட்சம், ஊராட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கு 2 லட்சம் ரூபாய் வரை என்றிருந்தது. 2022 அக்டோபரில் வந்த விதிமுறையில் தொகைகளை உயர்த்தினார்கள். ஆனாலும் ஒரு கட்டடத்துக்குச் சில லட்சம் என்ற அளவிலேயே நிற்கிறது. இந்தப் பணத்தில் புதுக் கட்டடம் எழும்பாது.

ஆகவே ஒரே மனுவை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, ஓடு மாற்றுதல், ரீப்பர் (ஓடு தாங்கும் மரச்சட்டம்) மாற்றுதல், மின்கம்பி சரிசெய்தல். இது பேரிடர் நிதிக்கு. மதிப்பீட்டின் தலைப்பிலேயே ‘தற்காலிகப் பழுதுபார்ப்பு’ என்று இருக்க வேண்டும். ‘புனரமைப்பு’, ‘புதிய கட்டுமானம்’ என்ற சொற்கள் தலைப்பில் இருந்தாலே கோப்பு திரும்பும். இரண்டாவது, சுற்றுச்சுவர். இதை ஒன்றியப் பொது நிதியிலோ சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ கேளுங்கள். மூன்றாவது, விரிசல் விட்ட வகுப்பறை. உதவிப் பொறியாளரிடம் கட்டடத்தின் உறுதித்தன்மை பற்றி எழுத்துமூலம் அறிக்கை வாங்குங்கள். இடிக்க வேண்டியது என்று அறிக்கை வந்தால் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய வகுப்பறை கோரலாம். அந்த அறிக்கை வரும்வரை அந்த அறையில் ஒரு பிள்ளையையும் உட்காரவைக்காதீர்கள். மழையில் ஊறிய செங்கல் சுவர், மழை நின்ற பிறகும் சாயலாம்.

ஒரே வேலையை இரண்டு நிதிகளில் எழுதுவது பெரிய தவறு. தணிக்கையில் அது தடையாகி, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பொறுப்பான ஊழியர் மாட்டிக்கொள்வார். வேலையைப் பிரிப்பதில் தவறில்லை, ஆனால் எந்த இடத்தில் எது தொடங்கி எது முடிகிறது என்று வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

கூரை ஓடுகளின் கணக்கு: மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 வேண்டும். 60 சதுர மீட்டர் பறந்திருந்தால் 900. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து ஆயிரம், முகட்டுக்கான ஓடு தனி. காற்று முதலில் இறவாரத்தையும் முகட்டையும்தான் பிடுங்கும். அதனால் இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசையையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் ஜி.ஐ. கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொல்லி மதிப்பீட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். செலவு மிகக் குறைவு. இதை விட்டுவிட்டால் அடுத்த புயலில் அதே ஓடு மறுபடி பறக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் வடிகால் வாய்க்கால் கரை மூன்று வருடமாக ஒரே இடத்தில் உடைகிறது. ஒவ்வொரு முறையும் மணல் மூட்டை அடுக்குகிறார்கள், பில் போடுகிறார்கள். சம்பா மூழ்குவது மட்டும் நிற்கவில்லை. எங்கே தவறு?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: மூட்டை அடுக்குவது தவறில்லை. அதை அப்படியே கரையாக விட்டுவிடுவதுதான் தவறு. விதிமுறையில் ‘மூட்டை, கல் கொண்டு கரையைச் சரிசெய்தல்’, ‘எலி வளை, நீர்க்கசிவுத் துளை அடைத்தல்’, ‘வடிகாலில் செடி கொடி, இடிபாடு அகற்றுதல்’ ஆகிய மூன்றும் உடனடி வேலைகளாகவே குறிக்கப்பட்டுள்ளன. உங்கள் ஊரில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டை விட்டிருப்பார்கள். வாய்க்காலின் கீழ்ப்பகுதியில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் தண்ணீர் கரை மேல்தான் ஏறும். கரையை எவ்வளவு பலமாகக் கட்டினாலும் நிற்காது.

முதல் நாள் வேலை அளவெடுப்பது. உடைப்பின் மேல்வாய் நீளம், அடிவாய் நீளம், ஆழம், கரையின் மேலகலம், அடியகலம் ஆகிய ஐந்தையும் உதவிப் பொறியாளர் முன்னிலையில் எடுத்து, அளவுகோலோடு படம் பிடியுங்கள். தண்ணீர் நின்ற கோடு கரையோர மரத்தில் இருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள். மூடிய பிறகு யாராலும் இந்த அளவை எடுக்க முடியாது. ‘இரண்டாயிரம் மூட்டை போட்டோம்’ என்று ஒருவரும் ‘ஐந்நூறுதான்’ என்று இன்னொருவரும் சண்டை போடுவதற்குக் காரணம் இந்த அளவு இல்லாததே.

கணக்கு எளிது. 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் ஆழம், சராசரி 3 மீட்டர் தடிமன் என்றால் 36 கன மீட்டர். ஐம்பது கிலோ சிமென்ட் சாக்கு நிறைய நிரப்பினால் 35 லிட்டர் பிடிக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் அமுங்கி ஒன்றோடொன்று ஒட்டும். அதன்படி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 43 மூட்டை. மொத்தம் ஏறக்குறைய 1,550. கிழிசலுக்குச் சேர்த்து 1,700. உங்கள் ஊர்ப் பில்லை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு வரிசை சவுக்குக் கட்டை அடித்து, குறுக்குக் கட்டை கட்டி, இடையில் மூட்டையைச் செங்கல் அடுக்குவதுபோல் மூட்டுக்கு மூட்டு மாற்றி அடுக்க வேண்டும். மூட்டைக்கான மண்ணைக் கரையின் அடிப்பகுதியிலிருந்து வெட்டாதீர்கள். அங்கே வெட்டினால் அடுத்த உடைப்பு அங்கிருந்து தொடங்கும்.

தண்ணீர் வடிந்ததும் கோடையில் நிரந்தர வேலை. சாக்கு வெயிலில் இற்றுப்போகும், சவுக்கு உளுத்துப்போகும். இரண்டும் உள்ளே கிடந்தால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் ஓடும். ஆகவே மூட்டைகளை எடுத்துவிட்டு, பழைய கரையைப் படிப்படியாக வெட்டி, களிமண் கலந்த மண்ணை ஒரு சாண் அளவு அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசு போட்டு இடித்து இறுக்க வேண்டும். படி வெட்டாமல் புது மண்ணைச் சாய்த்துக் கொட்டினால் பழசும் புதுசும் ஒட்டாது. மூன்று வருடமாக உங்கள் ஊரில் உடையும் இடம் அந்த ஒட்டாத இணைப்பாகத்தான் இருக்கும். கரைக்கு ஒன்றுக்கு இரண்டு (ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி அகலம்) என்ற சரிவு, மேலே அருகம்புல்.

இந்த நிரந்தர வேலைக்குப் பேரிடர் நிதியிலேயே இன்னொரு வழி உண்டு. 2021 முதல் 2026 மார்ச் வரையிலான 15ஆவது நிதிக்குழுக் காலத்துக்கு மாநிலப் பேரிடர் அபாய மேலாண்மை நிதியை (மேலே சொன்ன மீட்பு நிதியும், வருங்காலச் சேதத்தைக் குறைப்பதற்கான தணிப்பு நிதியும் சேர்ந்தது) இப்படிப் பிரித்தார்கள்: நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீட்பு மற்றும் மறுகட்டமைப்புக்கு 30, தயார்நிலைக்கு 10, தணிப்புக்கு 20. மறுகட்டமைப்புப் பகுதிக்கான வழிகாட்டு விதிகளை மத்திய உள்துறை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அதற்கு அடிப்படை, பேரிடருக்குப் பிந்தைய தேவை மதிப்பீடு. முதல் வாரச் சேதப் பட்டியலில் உங்கள் வாய்க்கால் பெயரும் அளவும் இல்லையென்றால் அந்த மதிப்பீட்டில் நுழைவது மிகக் கடினம். வருவாய்த் துறைப் பட்டியல் பயிர்ச் சேதத்தைத்தான் முதலில் எடுக்கும். கரைச் சேதத்தை நீர்வளத் துறை பிரிவு அலுவலகத்தில் தனியாக மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மூன்று வருடமாக ஒரே இடத்தில் உடைந்த வரலாறுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம். மூன்று வருடப் படங்களையும் இணையுங்கள்.

கேள்வி: மத்திய அரசு ஆயிரம் கோடி தந்தது என்று செய்தி வருகிறது. எங்கள் ஊராட்சிச் சாலைக்கு ஒரு வண்டி கிராவல்கூட வரவில்லையே?
– வாசகர், தலைஞாயிறு

பதில்: கஜா புயலையே எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தமிழ்நாடு கேட்டது சுமார் 15,000 கோடி. தேசியப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து அந்த டிசம்பர் மாதக் கடைசியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது 1,146.12 கோடி. இவ்வளவு இடைவெளிக்குக் காரணம், மாநிலம் கேட்பது முழுச் சேத மதிப்பு. மத்தியக் குழு கணக்கிடுவது விதிமுறைத் தொகை. உதாரணமாக, பராமரிப்புச் செலவு விகிதம் அறிவிக்கப்படாத மாநிலத்தில் கிராமச் சாலைக்கு 2015 விதிமுறை கொடுத்தது கிலோமீட்டருக்கு 60,000 ரூபாய். அதில் பள்ளம் மூடலாம், உடைந்த சிறுபாலத்துக்குக் குழாய் வைக்கலாம். தார் போட முடியாது.

தேசிய நிதியில் ஒப்புதலான தொகை முழுவதும் புதிதாக வருவதும் இல்லை. மாநில நிதிக் கணக்கில் இருக்கும் இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். செய்தியில் வரும் எண்ணுக்கும் மாவட்டத்துக்கு வரும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டில் இதுவும் ஒரு காரணம்.

உங்கள் சாலைக்குக் கேட்க வேண்டியது கிராவல் அடுக்கு, சிறுபாலம் சரிசெய்தல், கரைச் சரிவுக்குக் கல் பதித்தல். அவை பட்டியலில் உள்ளன. தார்ச் சாலையை வேறு திட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி மோட்டார் அறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் போட்டுப் பார்த்தார்கள், எரிந்துவிட்டது. இதற்குப் பணம் உண்டா?
– வாசகர், சீர்காழி

பதில்: உண்டு. பழுதான பம்பு இயந்திரம், கசியும் தொட்டி, உடைந்த குழாய், தொட்டியைச் சுத்தம் செய்தல் எல்லாம் உடனடி வேலைகள்தான். 2022 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கண்ட ஊர் உங்களுடையது. மோட்டார் அறையின் தரையை உயர்த்துவதையும் சேர்த்துக் கேளுங்கள். குறைந்தது ஸ்டார்ட்டர் பலகையையாவது அன்று நின்ற தண்ணீர்க் கோட்டுக்கு இரண்டடி மேலே மாட்டச் சொல்லுங்கள்.

நனைந்த மோட்டாரைப் போட்டுப் பார்க்கவே கூடாது. மின்சுருளில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அப்போதே எரியும். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி (கடலோர ஊர்களில் இது கட்டாயம், உப்பு படிந்தால் சுருள் தப்பாது), வெயிலில் உலர்த்தி, மெக்கரால் (மின்காப்பை அளக்கும் கருவி) சோதித்து, குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டிய பிறகே இணைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை. மேலே உள்ள ஸ்டார்ட்டரும் கேபிள் இணைப்பும்தான் கெடும்.

தொட்டியைக் கழுவிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட்டுத் திறக்கவும். கடைசித் தெருக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பவுடர் பழசு, அல்லது வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது. இரண்டாவதாக இருந்தால் அந்த உடைப்பையும் சேதப் பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: அரசு உதவி பெறும் தனியார் பள்ளிக்கும் கோயில் மண்டபத்துக்கும் இந்த நிதி கிடைக்குமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: அரசுக்கோ ஊராட்சிக்கோ சொந்தமான பொதுச் சொத்துக்குத்தான். 2015 விதிமுறையில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும்கூட இடமிருக்கவில்லை. மண்டபம் யார் பெயரில் இருக்கிறது என்று ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் முதலில் பாருங்கள். ஊர்ப் பணத்தில் கட்டிப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்ட சமுதாயக் கூடங்கள் நிறைய உண்டு. கிராம சபையில் தீர்மானம் போட்டு, மழைக்காலத்துக்கு முன்பே பதிவேட்டில் ஏற்றிவையுங்கள்.

கேள்வி: அவசரம் என்று சொல்லி டெண்டர் இல்லாமல் வேலை கொடுக்கிறார்கள். நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அறிவிக்கப்பட்ட இயற்கைப் பேரிடர் நேரத்தில் டெண்டருக்கு விலக்குத் தர 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் இடமுண்டு. உடைந்த கரைக்கு முன்னால் டெண்டர் போட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மதிப்பீடு, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு), வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மூட்டை வாங்கிய ரசீது ஆகிய எதற்கும் விலக்கு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்த நான்கின் நகலையும் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலும் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘வேலை விவரம் தருக’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வாய்க்கால் பெயர், இடம், உடைப்பு மூடிய தேதி மூன்றையும் எழுதி, அந்த வேலையின் அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல் என்று கேளுங்கள்.